லூயியின் குரலுக்கு ஒரு கிட்டார்

புதுக் கிட்டாரை முதல் தடவை ஓங்கி மீட்டியபோது, லூயி வீட்டு அலமாரிக்குள் இருந்த கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தியா?" என்று லூயியைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

லூயி சிரித்தான். பல்லவியைப் பாடினான். சரணத்துக்கு நான் இன்னும் உற்சாகமாகக் கையை வீசினேன். பாதிச் சரணத்தில் அவன் வாய் மட்டும் அசைந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

"போதும்டா" என்றவன், உள்ளே இருந்த மனைவியிடம், "ரெஜினா, டீ போடு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சங்கரா மீன் வறுத்த வாசம் இன்னும் கூடத்தில் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு சில்லென்ற தரையில் பாயை விரித்து உட்கார்ந்து, அவன் பாட நான் வாசிப்பது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஒரு பாட்டு கூட முழுதாக முடியவில்லை. ஆளுக்கு இன்றைக்கு மூடு இல்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

அப்படி நினைத்துக்கொண்டே ஏழெட்டு ஞாயிறு போனது. நம் மூளையின் வேகம் அவ்வளவுதான்.

மூக்குக்கண்ணாடிக்காரன் கையில் கிட்டாரா?

சென்ற வாரம் என் கண்ணாடிக் கடையைப் பற்றி எழுதும்போது, ஞாயிறானால் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். கடையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. கிட்டாரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஒரு வாசகர், "என் மகளுக்கு எந்த கிட்டார் வாங்கலாம், பாய்?" என்று கேட்டிருக்கிறார். அதற்கு ஒரே வரியில் பதில் சொல்லத் தெரிந்தவன் வாராவாரம் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டான். கொஞ்சம் பொறுங்கள்.

லூயியும் நானும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவன் வீடு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடு. அந்த மாதிரி வீட்டுப் பையன்கள் படிப்பு முடிந்ததும் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குப் போவது அப்போது எங்கள் ஊரில் சாதாரணம். ஊரில் அவர்களுக்கு 'சொல்தா' என்று பெயர். லூயியும் சொல்தாவாக விமானம் ஏறினான். போகும்போது அவனுடைய நைலான் கம்பி கிட்டாரை என்னிடம் கொடுத்து, "வெச்சிருடா, வந்து வாங்கிக்கிறேன்" என்றான்.

அவன் முதல் லீவில் வருவதற்குள் நான் வாசிக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். அவன் அங்கே பாடக் கற்றுக்கொண்டுவிட்டான். ஆகவே கிட்டாரைத் திருப்பிக் கேட்கிற பேச்சே எழவில்லை.

கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து வாசித்துப் பழகினால் அத்தாவுக்குப் பிடிக்காது. அத்தா என்றால் என் தகப்பனார். கோபித்துக்கொள்ள மாட்டார். "ஷட்டர எறக்குனப்புறம் வாசி, தம்பி. வர்றவன் கண்ணு டெஸ்ட் பண்ண வர்றான், காது டெஸ்ட் பண்ண வரல" என்பார்.

அந்த கிட்டார் ரொம்ப நாள் உழைத்தது. எங்கள் ஊர்க் கடல்காற்று எதையும் விட்டுவைக்காது. மூக்குக்கண்ணாடியின் கீல் கூடப் பச்சை பிடித்துவிடும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் அதன் கழுத்து வளைந்து, கம்பியைத் தாங்குகிற கட்டை பெயர்ந்து வந்தது. ஒட்டிப் பார்த்தேன். மறுபடி பெயர்ந்தது. அதற்கு மேல் அதைக் கொடுமைப்படுத்தவில்லை.

கோயிலில் மைக் ரிப்பேர் என்றால்

லூயி பட்டாளத்து பென்ஷனோடு ஊர் திரும்பி, குருசுக்குப்பத்தில் வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஊருக்கே அவன் குரல் தெரிந்தது. மாதா கோயிலில் மைக் ரிப்பேர் என்றால் லூயியைக் கூப்பிடு என்பார்கள். அப்படி ஒரு கட்டைக்குரல். தமிழ்ப் பாட்டானாலும் பிரெஞ்சுப் பாட்டானாலும், அவன் எடுத்தால் பக்கத்துச் சந்து வரைக்கும் போகும்.

பழைய கிட்டார் உடைந்த அதே வருஷம் அவன் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. அறுவை நல்லபடியாக முடிந்தது. குரல் முன்னைப் போல வருவது சந்தேகம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அதன்படியே ஆனது. பேச்சு வந்தது. பாட்டும் வந்தது. ஆனால் பாதிதான் வந்தது. மெலிந்து, ஓரத்தில் கொஞ்சம் சொரசொரப்போடு, மேல் ஸ்தாயிக்குப் போனால் மூச்சு வாங்கியது.

"உசுரு இருக்கு, சோறு எறங்குது. பாட்டுதானடா போச்சு, போவட்டும்" என்று லூயி சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. அவன் கதையெல்லாம் பட்டாளத்தில் பார்த்த பாலைவனத்துக் கதை. என் கதையெல்லாம் லென்ஸ் கதை. அவன் பார்க்கும் ஃபுட்பால் எனக்குப் புரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது பாட்டு ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் எதற்குக் குருசுக்குப்பம் போவேன்? போனாலும் என்ன பேசுவேன்?

இதையெல்லாம் அவனிடம் சொல்லவில்லை. ஆம்பிளைகள் எப்போது சொன்னோம்? நான் புதுக் கிட்டார் வாங்கப் போனேன்.

"எப்பிடி வாசிப்பீங்க?"

கடை ஒரு மாடியில் இருந்தது. நடத்துவது வினோதினி என்கிற பெண். முப்பது வயசு இருக்கும். என்னை உட்கார வைத்துவிட்டு வரிசையாகக் கேட்டாள்.

"சார், வெரல்ல வாசிப்பீங்களா, பிக் வெச்சு அடிப்பீங்களா? தரையில உக்காருவீங்களா, சேர்லயா? தனியா வாசிப்பீங்களா, யாராச்சும் கூடப் பாடுவாங்களா?"

"எல்லாம் வாசிப்பேம்மா. இருக்கறதுலயே நல்லா சத்தம் வர்றதா ஒன்னு குடு."

அவள் முதலில் ஒரு சின்னதை எடுத்து வந்தாள். இடுப்பு ஒடுங்கிய, உடம்பு சிறுத்த கிட்டார். "இன்னாம்மா, எல்.கே.ஜி பசங்களுக்கா?" என்றேன். அவள் அதை உள்ளே வைத்துவிட்டுப் பெரியதைக் கொண்டுவந்தாள்.

அதற்கு ட்ரெட்நாட் என்று பெயர். ஒரு போர்க்கப்பலின் பெயராம். அகன்ற தோள், இடுப்பே இல்லாத உடம்பு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் பிக்கால் ஒரு இழுப்பு இழுத்தேன். நெஞ்செலும்பு அதிர்ந்தது. "இதான்" என்றேன்.

என் கணக்கு என்னவென்றால், லூயியின் குரல் பாதியாகிவிட்டது. மீதிப் பாதியை நான் நிரப்பிவிட்டால் குறை வெளியே தெரியாது. அவனுக்கும் தெரியாது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று கேட்டு வளர்ந்த கடைத்தெருக்காரன் நான். சத்தம் கூடினால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

இதில் எனக்கே வெட்கமான விஷயம் ஒன்று இருக்கிறது. "கண்ணு ரொம்ப மங்கலா இருக்கு பாய், நல்லா பவரா போட்டுக் குடுங்க" என்று என் கடைக்கு வாரத்துக்கு நாலு பேராவது வருவார்கள். கண் பலவீனம் என்றால் கண்ணாடி பலமாக இருக்கவேண்டும் என்பது அவர்கள் எண்ணம். தேவைக்கு மேல் பவர் போட்டால் தலைவலிதான் மிச்சம் என்று நான் அவர்களை உட்காரவைத்துப் பாடம் எடுப்பேன்.

அது மட்டுமா? வைத்திக்குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்கேயோ வாங்கிய கண்ணாடி. பேப்பர் நன்றாகத் தெரிகிறது, வலை பின்னும்போது மட்டும் கண் கூசி, தலை வலிக்கிறது என்றார். அடுத்த நாள் வலையோடு வரச்சொன்னேன். வந்தார். கடைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்தார். கண்ணுக்கும் கைக்கும் உள்ள தூரம் பேப்பர் படிக்கிற தூரத்தைவிட ஒன்றரை மடங்கு இருந்தது. அந்தத் தூரத்துக்கு அளந்து போட்டுக் கொடுத்தேன். தலைவலி போய்விட்டது. கடையில் கருவாட்டு வாசம் போகத்தான் ரெண்டு நாள் ஆனது.

என்ன வேலை, எப்படி உட்காருவீர்கள், எவ்வளவு தூரம் என்று ஊரையே கேட்கிறவன், அதே கேள்வியை ஒரு பெண் என்னைக் கேட்டபோது 'எல்லாம் வாசிப்பேன்' என்றேன். ஊருக்குத்தான் உபதேசம்.

ரெஜினா சொன்னது

டம்ளர்கள் கிணுகிணுத்த அந்த ஞாயிறுக்குப் பிறகு லூயிக்கு வாராவாரம் ஒரு காரணம் கிடைத்தது. முதுகு பிடித்துக்கொண்டது. டி.வி.யில் மேட்ச். மகனிடமிருந்து வீடியோ கால். ஒரு ஞாயிறு நான் கிட்டாரும் கையுமாகப் போய் நின்றால், ஆளே இல்லை. சாப்பிட்ட கையோடு பெத்தாங் ஆடப் போய்விட்டானாம். பெத்தாங் என்பது இரும்புக் குண்டை உருட்டி விளையாடும் பிரெஞ்சு ஆட்டம். எங்கள் ஊர் சொல்தாக்களுக்கு அது உயிர். ஆனால் அவர்கள் கூடுவது வெயில் தாழ்ந்த பிறகுதான். மொட்டை வெயிலில் யாரோடு ஆடுவான்?

அவன் மனைவி ரெஜினா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணே, ஒன்னு சொல்லுவேன். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு தங்கச்சி."

"நீங்க போனப்புறம் அவரு பாடுறாரு."

எனக்குப் புரியவில்லை.

"வெங்காயம் உரிக்கறப்ப, செடிக்குத் தண்ணி ஊத்தறப்ப. சின்னதாத்தான் பாடுறாரு, ஆனா நல்லாப் பாடுறாரு. நீங்க இந்தப் பொட்டியத் தூக்கினு வர்ற அன்னிக்குத்தான் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அவர்கிட்டயே கேட்டேன். 'அவன் ஆசையா வாங்கியிருக்கான், வாசிக்கட்டும்'னாரு."

ஸ்கூட்டரில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு திரும்பி வரும்போது எனக்குக் கோபம்தான் வந்தது. அவனுக்காக வாங்கிய கிட்டார். அவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் என்னிடம் சொல்ல வேண்டியதுதானே? வீடு வருவதற்குள் கோபம் வற்றி, வேறு ஒன்று அடியில் கிடந்தது. அவன் பாடுகிறான். நான் இல்லாதபோது பாடுகிறான். நெஞ்சில் தைத்தது அதுதான்.

என் மனைவி மெஹர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்.

"அந்த மனுசன் சத்தம் கொறஞ்சா நீங்களும் கொறச்சுக்கணும். நீங்க ஏத்துனா அவரு இன்னா பண்ணுவாரு? நிறுத்திடுவாரு. நான் நிறுத்திடறதில்ல?"

"நீ எப்ப நிறுத்துன?"

"பாத்தீங்களா, தெரியவே இல்ல."

முப்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் இது எனக்குப் புதுச் செய்தி.

அன்று சாயங்காலம் மெஹரை எதிரில் உட்காரவைத்து, பேப்பரை வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நான் தரையில் சம்மணம் போட்டு, வழக்கம்போல விரலால் அந்தப் பெரிய கிட்டாரை வாசித்தேன். மெதுவாகத் தொட்டால் ஊமையாக இருந்தது. கொஞ்சம் அழுத்தினால் அடிக்கம்பிகள் உறுமி, மெஹரின் குரலை மூடின. நடுவில் ஒரு நிலை அதற்குக் கிடையாது. அந்த அகலத்தைத் தாண்டிக் கையைப் போட வலது தோளைத் தூக்கவேண்டியிருந்தது. ரெண்டு மாதமாக இருந்த தோள்வலிக்கு நான் வயசின் மேல் பழி போட்டுக்கொண்டிருந்தேன்.

கேட்ட வாசகருக்கு இப்போது சொல்லலாம். உங்கள் மகள் எப்படி உட்காருகிறாள், விரலா பிக்கா, கூடப் பாடுகிறவர் யார், அந்தக் குரல் எவ்வளவு பெரியது என்று முதலில் பாருங்கள். பாடுகிறவரைக் கடைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மரம், விலை, பெயர் எல்லாம் அப்புறம்.

பெரிய கிட்டார் மேல் குற்றமில்லை. அதை இப்போது ஒரு கல்லூரி மாணவி வைத்திருக்கிறாள். இருபது பேர் சேர்ந்து கைதட்டிப் பாடுகிற கூட்டத்தில் அது ராஜாவாக இருக்கிறதாம். அது இருக்கவேண்டிய இடம் அதுதான்.

கடைத் தரையில்

அடுத்த நாளே லூயிக்கு போன் போட்டேன். "கம்பி மாத்தணும். கூட வாடா" என்றேன். பின் சீட்டில் உட்கார்ந்து பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

வினோதினியிடம், அவள் அன்றைக்குக் கேட்ட கேள்விகளுக்கு இன்றைக்குப் பதில் சொன்னேன்.

"வெரல்லதாம்மா வாசிப்பேன். தரையில உக்காந்து. கூட இவரு பாடுவாரு. கொரல் சின்னது."

லூயியின் முகம் மாறியது. "இதச் சொல்லத்தான் கூட்டியாந்தியா?" என்றான். குரலில் சூடு இருந்தது. இந்தப் பேச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் வாய்விட்டு வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆமாண்டா. மொதல்லயே சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

எழுந்து போய்விடுவான் என்றுதான் நினைத்தேன். போனால் இனி ஞாயிறுகளும் இல்லை என்று தெரிந்தது. அவன் போகவில்லை. ஜன்னல் ஓரம் கிடந்த நாற்காலியில் போய், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

வினோதினி அதே சின்ன கிட்டாரைக் கொண்டுவந்தாள். எல்.கே.ஜி என்று நான் கேலி செய்ததை அவள் மறந்திருக்க மாட்டாள். தரையில் ஒரு துணியை விரித்தாள். சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கிட்டாரின் ஒடுங்கிய இடுப்பு என் தொடையில் வாகாகப் படிந்தது. தோள் இறங்கியே இருந்தது. கம்பிகளுக்கு நடுவே இடைவெளி தாராளம். ஒவ்வொரு விரலுக்கும் அதனதன் இடம் கிடைத்தது. லேசாகத் தொட்டாலே பேசியது. அடிக்கம்பி உறுமவில்லை.

பள்ளிக்கூட நாளிலிருந்து நாங்கள் பாடும் ஒரு பழைய பாட்டை வாசித்தேன். லூயி தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பாடச்சொல்லவில்லை. வினோதினி இன்னொன்றைக் கொடுத்தாள், அப்புறம் இன்னொன்று. ஒன்றில் சத்தம் கணீரென்று குத்தியது. மற்றொன்றில் கம்பிகள் உயரமாக இருந்து விரல் வலித்தது. ஒவ்வொன்றிலும் அதே பாட்டை அதே இடம் வரைக்கும் வாசித்தேன். கடையில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா என்று கேட்பேன் அல்லவா, அது மாதிரி. ஆனால் வாயைத் திறந்து கேட்கத்தான் தைரியமில்லை.

"மொதல்ல வாசிச்சதுதான் நல்லாருக்கு" என்று ஜன்னல் பக்கமிருந்து குரல் வந்தது.

சின்னதை மறுபடி எடுத்தேன்.

"ரெண்டு கட்ட எறக்கு."

இத்தனை வருஷத்தில் 'ஏத்துடா, ஏத்துடா' என்றுதான் லூயி சொல்லிக் கேட்டிருக்கிறேன். சுருதியை இறக்கச் சொன்னது அன்றைக்குத்தான். இறக்கினேன். ஆரம்ப இசையை வாசித்துவிட்டுக் காத்திருந்தேன்.

அவன் பாடினான். தெருவைப் பார்த்தபடியே பாடினான். மெலிந்த குரல். சொரசொரப்பும் இருந்தது. ஆனால் சுருதி ஒரு நூல் விலகவில்லை. பழைய பெருங்குரலில் அமுங்கிப்போயிருந்த சின்னச் சின்ன வளைவெல்லாம் இப்போது தனித்தனியாகத் தெரிந்தது. இத்தனை வருஷம் கூட வாசித்தும் நான் அதைக் கேட்டதே இல்லை. என் விரல் தானாக நின்றுவிட்டது.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்று திரும்பினான்.

"சும்மாதான். கேட்டுனு இருந்தேன்."

"கேட்டுக்கினே வாசி."

பேச்சை மாற்றுவதற்காக நான் ஏதோ சொல்லவேண்டும் போலிருந்தது. "இதுல உன் கொரல் உனக்குக் கேக்குதில்ல? அந்தப் பெரிய பொட்டியில உனக்கே கேட்டிருக்காது" என்றேன்.

லூயி நாற்காலியை இழுத்துக்கொண்டு என் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"எனக்கு எப்பவும் கேட்டுச்சுடா. மண்டைக்குள்ள கேக்காம எங்க போவும்? உனக்குக் கேக்கலன்னுதான் நிறுத்துனேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். தெருச் சத்தம் கேட்காமலிருக்க வினோதினி போய் மாடிப்படிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பல்லவியிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். அந்தப் பாட்டை ஆயிரம் தடவை வாசித்திருப்பேன். முழுசாகக் கேட்டது அன்றைக்குத்தான்.